ஏழாம் வகுப்புக் கயிறு

1

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடம் மாதம் ஒரு கடிதம் அனுப்பும். முதல் திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்துவிடும். 'இந்த மாதம் உங்கள் பிள்ளை என்னவெல்லாம் கற்கிறாள்' என்று தலைப்பு. வரிக்கு வரி ஆச்சரியக் குறி. விகிதக் கணக்குக்கு ஒரு ஆச்சரியக் குறி, வாலிபாலுக்கு ஒன்று. கணக்கு வாத்தியாரும் உடற்பயிற்சி வாத்தியாரும் துள்ளிக் குதித்துக்கொண்டே தட்டச்சு செய்வார்கள் போலிருக்கும்.

அமெரிக்காவுக்கு வந்து பதினாலு வருடமாகிறது. நாங்கள் இருப்பது மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன நகரம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. கணவர் கணேசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள் ஆதிரை, ஏழாம் வகுப்பு. சொந்த ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் கரிசல் மண், முதல் மழை, அதன் வாசம் என்று எதையாவது எதிர்பார்த்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மழை பெய்தால் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரி உணவறையில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். கணக்கில் விகிதமும் சதவீதமும். அறிவியலில் மண்ணின் அடுக்குகள். ஆங்கிலத்தில், ஒரு கருத்தை வலியுறுத்திக் கடிதம் எழுதுதல். சமூக அறிவியலில் பழைய இந்தியா. அதன் கீழே இப்படி ஒரு வரி: 'மாணவர்கள் மூன்று நாட்கள் வண்ணக் கயிறுகள் அணிந்து, அந்தக் காலத்துச் சமூக அமைப்பைத் தாங்களே அனுபவித்து அறிவார்கள்!'

வாசித்தேன். மண்டையில் ஏறவில்லை. நாலாவது மாடியில் ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். டப்பாவை மூடிவிட்டு ஓடினேன்.

2

அடுத்த நாள் சாயங்காலம் ஆதிரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டினாள். இடது மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு, ஒரு விரல் அகலம்.

"அம்மா, நான் டாப்!" என்றாள். "நான் ப்ரீஸ்ட்!"

அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஆங்கிலத்தில் அவள் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன். வகுப்பில் ஒரு தொப்பிக்குள் கயிறுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார்களாம். வெள்ளை எடுத்தவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கப் போகலாம். சிவப்பு, மஞ்சள் எடுத்தவர்கள் அதற்குப் பின்னால். பழுப்பு எடுத்தவர்கள் கடைசியில் தரையில் உட்கார வேண்டும். வெள்ளைக்காரர்கள் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. அவள் 'வெள்ளைக்காரர்கள்' என்று வெள்ளைக் கயிற்றுக்காரர்களைச் சொன்னாள்.

"எமிலிக்குப் பழுப்பு," என்றாள். எமிலி அவளுடைய உயிர்த் தோழி. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே திரிகிறார்கள். "லஞ்ச்ல என் தட்டை எடுத்துட்டுப் போய்க் குப்பையில கொட்டுன்னு சொன்னேன். அவ கொட்டினா. அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீ!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். கெட்ட பிள்ளை இல்லை. விளையாட்டில் ஜெயித்த பிள்ளை எப்படிச் சிரிக்குமோ அப்படிச் சிரித்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். கத்தரிக்கோல் அடுக்களை மேடையில் கிடந்தது, மசாலா பாக்கெட் வெட்டுகிறது. அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். கயிற்றுக்குள் ஒரு முனையை விட்டு வெட்டினேன். அவள் கையை உதறினாள். கத்தரிக்கோல் நுனி தோலில் கீறி, மெலிசாக ரத்தம் கோடு போட்டது. நாள் பூராவும் முன்பின் தெரியாதவர்கள் கையில் ஊசி குத்தி ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுக்கிறவள் நான். என் பிள்ளை கையில் சிந்த வைத்தேன்.

"என்ன பண்ற நீ? உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினாள்.

அந்த வெள்ளைக் கயிற்றை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டு, அது மேலே தெரியாதபடி வெங்காயத் தோலைப் போட்டு மூடினேன். அவள் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

3

எங்களுக்கும் ஏழாம் வகுப்பில்தான்.

எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மிளகாய்க் காட்டு வழியாக நடந்து போக வேண்டும். பள்ளிக்கூடம் பெரிய ஊருக்குள் இருந்தது. எந்தப் பையன் எந்தத் தெரு என்பது அவன் மணிக்கட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறக் கயிறு. கபடி ஆடும்போதும் அடித்துக்கொள்ளும்போதும் அதைப் பார்த்துத்தான் சேருவார்கள். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. வாத்தியார்களில் சிலர் கையிலும் இருந்தது.

விளாத்திகுளத்தில் கோயில் கொடைத் திருவிழா. சித்தி என்னை வளையல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது யாருடைய நிறம் என்று தெரியாது என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சிலர் அந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கையை விட்டு ஓட்டுவார்கள். பார்க்க அழகாக இருந்தது. எனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கட்டிக்கொண்டு போனேன். புதன்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் அதே நிறக் கயிறு கட்டிய இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வகுப்பு வாத்தியார் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏட்டி, கைய நீட்டு," என்றார்.

நீட்டினேன். பென்சில் சீவுகிற பிளேடை எடுத்து அறுத்தார். பிளேடு கொஞ்சம் ஆழமாகவே பட்டது. வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். படக் கூடாதென்று கவனமாகவும் இருக்கவில்லை. வந்த இருவரில் ஒருவர், "பிள்ளைய அறுத்து என்ன செய்ய? அவ அப்பன வரச் சொல்லுங்க," என்றார்.

அப்பா மிளகாய்க் காட்டில் வேலையாக இருந்தார். ஆள் போய்க் கூட்டி வந்தது. பள்ளிக்கூடத்துப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தெரியாமக் கெட்டிக்கிட்டா ஐயா. சின்னப் புள்ள. இனும நடக்காது."

"தெரியாமலா? ஒங்க வீட்ல யாருக்கும் கண்ணு தெரியாதோ?"

"தப்புத்தான் ஐயா. பொறுத்துக்கிடுங்க."

கை கூப்பினார். நான் ரத்தம் வழிகிற கையைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியிலும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில், "பள்ளிக்கொடத்துக்குப் போ," என்று மட்டும் சொன்னார். போனேன். ஆனால் அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவரோடு பேசவில்லை. பிளேடு பிடித்த வாத்தியார் மேல் வராத கோபம் அப்பா மேல் வந்தது. அவர் செத்துப்போய் மூன்று வருடமாகிறது. நான் ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

4

புதன்கிழமை ஆதிரை கயிறு இல்லாமல் பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் சமூக அறிவியல் வாத்தியாரிடமிருந்து மின்னஞ்சல். மூன்று நாளும் கயிறு அணிவது பாடத்தின் பகுதி, அணியாததால் பத்து மதிப்பெண் குறைகிறது, காரணம் இருந்தால் தெரிவிக்கவும். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

நான் பதில் எழுதினேன். கணேசன் வேலை முடிந்து வருவதற்குள் எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று அவசரம். 'அவள் கையில் இருந்த கயிற்றை நான்தான் வெட்டினேன்' என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலம் அதை 'அவள் கையை நான்தான் வெட்டினேன்' என்று சொல்லிவிட்டது. கயிறு என்ற ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பள்ளியின் ஆலோசகர் அம்மா. குரல் பஞ்சு போல இருந்தது. "குழந்தை இப்போது பத்திரமாக இருக்கிறாளா? அவளிடம் பேசலாமா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" நான் கயிறு, கயிறு என்று கத்தக் கத்த, "புரிகிறது, புரிகிறது" என்றாரே தவிர நம்பவில்லை. மறுநாள் ஆதிரையைத் தனியே கூப்பிட்டு இரண்டு மணிக்கட்டையும் பார்த்தார்களாம். ஒன்றில் கீறல் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

இரண்டு தடவை போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். எதற்காக வெட்டினேன் என்று கேட்டபோது, "எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை," என்று மட்டும் சொன்னேன். நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'உங்கள் குடும்பத்தின் பண்பாட்டுப் பின்னணி பற்றிப் பள்ளி அறிந்திருக்க வேண்டியது ஏதேனும் உண்டா?'

அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கணேசன் அதைப் பார்த்தார். அவருக்கும் ஊர் அந்தப் பக்கம்தான், அவருக்கும் காலனிதான். இங்கே வந்த நாளிலிருந்து, 'ஊர் எது' என்று யாராவது கேட்டால், "மதுரைக்குத் தெக்க" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

"இல்லைன்னு எழுது," என்றார்.

"இருக்கே."

"அங்கன வேண்டாம்னுதான இங்கன வந்தோம்? இங்கனயும் வந்து நம்மளே நம்ம நெத்தியில எழுதி ஒட்டிக்கிடணுமா?"

"ஒங்க மக எமிலிய எச்சித்தட்டு எடுக்கச் சொல்லியிருக்கா."

"அது விளையாட்டு."

"அன்னிக்கும் எல்லாரும் அப்படித்தான் சொன்னாவ. சின்னப் பயலுவ வெளையாட்டுன்னு."

அவர் பேனாவை எடுத்து, என்னைப் பார்க்காமல், அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். எழுத்து அழகான எழுத்து. எனக்கு அந்தக் கையை உடைக்க வேண்டும்போல இருந்தது.

5

இதற்கிடையில் ராஜி அக்கா.

ராஜி அக்காவுக்குக் கோவில்பட்டி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே பெரிய ஜவுளிக்கடை. நாங்கள் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் கடையில் என் பேச்சைக் கேட்டு, "நம்ம ஊர்ப் பேச்சு மாதிரில்லா இருக்கு!" என்று வந்து கட்டிக்கொண்டாள். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு அவள்தான் எல்லாம். ஆதிரை பிறந்தபோது நாற்பது நாள் பத்தியச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தவள் அவள். அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அவள் மகளும் அதே வகுப்பு. அவளுக்கும் பழுப்புக் கயிறு வந்துவிட்டது. அக்கா கொதித்துப்போய் வாட்ஸப் குழுவில் ஒரு மனு போட்டாள். நம் பண்பாட்டை இழிவுபடுத்துகிறார்கள், நம் பிள்ளைகளைத் தலைகுனிய வைக்கிறார்கள், இந்தப் பாடத்தையே எடுத்துவிட வேண்டும் என்று. சரசரவென்று கையெழுத்து விழுந்தது. என் பெயர் இல்லை என்றதும் போன் செய்தாள்.

"செல்வி, ஒன் பேரக் காணமே?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா."

"இதுல யோசிக்க என்னட்டி இருக்கு? ஏதோ ஆயிரம் வருசத்துக்கு முன்னால எங்கயோ நடந்தத இப்ப நம்ம பிள்ளையள் தலையில கெட்டுதான். நீயும் நானும் ஒரே ஊரு. நீ சொல்லு, நம்ம ஊர்ல அதெல்லாம் எங்க இருக்கு? நீ பாத்திருக்கியா?"

நான், "குக்கர் விசில் அடிக்குக்கா," என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பில் இல்லை.

உடனே என் தங்கை முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். அவள் கோவில்பட்டியில் இருக்கிறாள். மூத்த மகள் சுபாவும் ஏழாம் வகுப்பு. அங்கே விடிந்து, பிள்ளைக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள்.

"சுபா இந்த மாசம் என்னத்தப் படிக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்தயோ படிக்கா. ஏட்டி, பெரியம்மா கேக்கா, சொல்லு."

கணக்கில் சதவீதம், அறிவியலில் வெப்பம், தமிழில் மனப்பாடப் பாட்டு ஒன்று என்று சுபா ஒப்பித்தாள். "சமூக அறிவியல்ல சமத்துவம் நடக்கு பெரியம்மா. நாளைக்கு டெஸ்ட்."

"பயலுவ இப்பமும் கையில கயிறு கெட்டுதானுவளா?"

முத்துலட்சுமி போனை வாங்கிக்கொண்டாள். "கயிறு கெட்டக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு வந்துட்டு. இப்ப சட்டைக்கு உள்ள பனியன் கலரு. மேல் பட்டன அவுத்துவிட்டுக்கிட்டுத் திரியுதானுவ. பிள்ளையளுக்கு ரிப்பன். அதனாலதான் நான் இவளுக்குக் கறுப்பு ரிப்பனே வைக்கேன். ஒரு வம்பும் இல்ல பாரு." சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினாள். "எதுக்கு இதக் கேக்க? அங்கயெல்லாம் இது கிடையாதுல்லா?"

"இருக்கு," என்றேன். "மூணு நாளைக்கு."

6

அடுத்த வாரம் பள்ளி நூலகத்தில் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள். முட்டி நெஞ்சில் இடிக்க இந்தியப் பெற்றோர் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். எதிரே நரைத்த தலையுடன் தலைமையாசிரியை. பக்கத்தில் அந்த வாத்தியார். வயது முப்பதுகூட இருக்காது. காது சிவந்து போயிருந்தது. கணேசன் வரவில்லை. வர மாட்டார் என்று தெரிந்துதான் கூப்பிடவுமில்லை.

ராஜி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைமேல் தன் கையை வைத்திருந்தாள். அழகான ஆங்கிலத்தில் பேசினாள். விளையாட்டை நிறுத்த வேண்டும், பாடத்தையும் நிறுத்த வேண்டும், அது பழங்கதை, இன்றைக்கு அப்படி ஒன்று கிடையாது, இங்கே இருக்கிற எவரும் அதைப் பார்த்தவர்கள்கூடக் கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வாத்தியார் எழுந்து, தான் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, அநியாயம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் 'உணர' வேண்டும் என்றுதான் செய்ததாகச் சொன்னார். அந்த ஆள் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று நாளில் கழற்றிப் போடுகிற ஒன்றை வைத்து எதை உணர்வார்கள்? என் மகள் உணர்ந்ததெல்லாம் முன்வரிசை நாற்காலி எவ்வளவு சுகம் என்பதை.

"அனைவருக்கும் இது சம்மதமா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாகப் பேசுகிற ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கேயோ ஓடிவிட்டது.

"விளையாட்டு நிறுத்து," என்றேன். "பாடம் நிறுத்தாதே."

விளக்கமாகச் சொல்ல முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார். இருந்த சொற்களை வைத்துச் சொன்னேன். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு கயிறு கட்டினேன். நிறம் எனக்கு உரியதில்லை. என் வாத்தியார் பிளேடால் அறுத்தார். என் அப்பா கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இது ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இல்லை. என் தங்கை மகளுக்கு இன்றைக்குக் காலையில் ரிப்பன் கட்டும்போதும் இருந்தது.

ராஜி அக்கா என் பக்கம் குனிந்து, தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

"செல்வி, என்ன பேசுத நீ? நீங்க... ஊர்ல எந்தத் தெரு?"

பதினாலு வருடமாக அவள் கேட்காத கேள்வி. கேட்கத் தேவையில்லை என்று அவளே முடிவு செய்துகொண்ட கேள்வி.

"காலனிக்கா," என்றேன்.

என் கைமேல் இருந்த கையை எடுத்தாள். வெடுக்கென்று எடுக்கவில்லை. பைக்குள் பேனாவைத் தேடுவது போல எடுத்தாள். பேனாவும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கை திரும்பி வரவில்லை.

தலைமையாசிரியை எல்லோருக்கும் நன்றி சொன்னார். எல்லோருடைய உணர்வுகளையும் மதித்து விளையாட்டு, பாடம் இரண்டையுமே எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிள்ளைகள் நேரடியாக அடுத்த பாடத்துக்கு, பழைய சீனத்துக்குப் போவார்கள். பெருஞ்சுவர் கட்டுவார்களாம், அட்டையில்.

7

மறுநாள் வாலிபால் பயிற்சி முடிந்து ஆதிரையைக் கூட்டி வரப் போனேன். கயிற்றை வெட்டியதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"காலனின்னா என்ன? ராஜி ஆன்ட்டி மக எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. உங்க அம்மா காலனியான்னு."

வண்டியைக் கிளப்பவில்லை. பள்ளி வாசலில் பனி பெய்துகொண்டிருந்தது. சொன்னேன். கொடை, கயிறு, வாத்தியார், மோட்டார் சைக்கிள், தாத்தா. தமிழில் சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். 'கும்பிட்டார்' என்பது அவளுக்குக் கோயிலில் செய்வது மட்டும்தான். மனிதர்களையும் கும்பிட வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின.

"அப்ப நானும் பழுப்பா?" என்றாள்.

"அங்கன இருந்தா, ஆமா."

எமிலியின் பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கி நிறுத்தினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உன் டீச்சர் உன்கிட்ட சாரி கேட்டாரா?"

"இல்ல."

"அந்த ரெண்டு பேரு?"

"இல்ல."

"தாத்தா?"

"தாத்தா அவங்ககிட்ட கேட்டாரு."

"நீ என்கிட்ட கேக்கல," என்றாள். "நீயும்தான் வெட்டினே. ரத்தம் வந்துச்சு. ஏன்னு சொல்லவும் இல்ல. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கயித்தக் கையில வாங்கியிருப்பேனா? நீதான் மறைச்சே. நீயே வெக்கப்படுற."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்கு என்ன தெரியும், சூடான காரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள் என்று. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் தள்ளுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஊர், தெரு, பெயர் எல்லாவற்றையும் அவளிடமிருந்து ஒளித்து வைத்தது நானும் அவள் அப்பாவும்தான். வெறுமையான இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக் கயிற்றைக் கட்டினார்கள், அவள் கட்டிக்கொண்டாள்.

"தப்புத்தான்," என்றேன். "வெட்டுனதும் தப்பு, மறைச்சதும் தப்பு. மன்னிச்சிரு."

எங்கள் வீட்டில் மன்னிப்பு அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "போலாம். பசிக்குது," என்றாள்.

8

ஜனவரியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் பொங்கல் வைக்கும். ஆளுக்கொரு பதார்த்தம். வருடா வருடம் என்னுடையது மொச்சைக் குழம்பு. இந்த வருடம் பட்டியல் குழுவில் வந்தது. மொச்சைக் குழம்புக்கு நேரே வேறொருவர் பெயர் இருந்தது. என் பெயருக்கு நேரே: பேப்பர் தட்டு, தண்ணீர் பாட்டில்.

தனியாக ஒரு செய்தியும் வந்தது, ராஜி அக்காவிடமிருந்து. 'இந்த மட்டம் நீ சமையலுக்கு மெனக்கெட வேண்டாம் செல்வி. வேல டென்சன்ல இருப்ப. தட்டு மட்டும் போதும்.' இரண்டு கும்பிடுகிற கை.

போனை கணேசனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். இந்த மனுசன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: விடு, பெருசு பண்ணாத, தட்டையே வாங்கிக்கிட்டுப் போயிருவோம். அதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும் என்றும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் என் போனை மேசையில் வைத்தார். தன் போனை எடுத்தார். எல்லாக் குடும்பமும் இருக்கிற குழுவில், தமிழில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார். கால் மணி நேரம் எடுத்தது. அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார்.

'நாங்க மண்டபத்துக்கு வரல. எங்களுக்கு விளாத்திகுளத்துக்குப் பக்கம், காலனித் தெரு. சனிக்கிழமை எங்க வீட்ல பொங்கல் வைக்கோம். மொச்சைக் கொழம்பு உண்டு. எங்க வீட்ல சாப்பிட முடியுதவங்க வாங்க. கணேசன், மாரிச்செல்வி, ஆதிரை.'

"போடட்டா?" என்றார்.

"போடுங்க," என்றாள் ஆதிரை. வாசிக்கத் தெரியாது. அவளுக்கு நான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஒவ்வொருவராகப் பார்த்தது தெரிந்தது. இரண்டு நாள் குழுவே ஊமையாகக் கிடந்தது. பிறகு யாரோ மண்டபத்துக்கு வழி கேட்டார்கள், யாரோ வரைபடம் அனுப்பினார்கள், எங்களுடைய செய்தி மேலே மேலே போய் மறைந்தது.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வெளியே முழங்கால் பனி. அடுப்பில்தான் பொங்கல் வைத்தேன். வேண்டுமென்றே இருபது பேருக்குச் சமைத்தேன். அது வீம்பு. மிஞ்சினால் கொட்டுவேன், கொட்டுகிற வரைக்கும் ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லி வைவேன் என்று இருந்தேன். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. கணேசன் பனி தள்ளுகிற சாக்கில் வாசலிலேயே நின்றார். பன்னிரண்டரைக்கு, "சரி, நம்ம சாப்பிடுவோம்," என்று இலை போட்டேன்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. குமாரும் அவர் மனைவி சுகந்தியும். சாத்தூர்ப் பக்கம். ஆறு வருடமாகத் தெரியும். பிறந்தநாள் விழாக்களில் பார்ப்போம், சிரிப்போம், வானிலை பேசுவோம். ராஜி அக்கா போட்ட மனுவில் நாலாவது கையெழுத்து அவர்களுடையது.

குமார் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே குனிந்து நின்றார். சுகந்திதான் கதவுக்குள் வந்தாள். கையில் ஒரு தூக்குப்போணி. அதை என்னிடம் நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"நாங்களும்தாங்க்கா," என்றாள். "எங்களுக்கும் காலனிதான்."

எனக்கு ஆறுதல் வரவில்லை. கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. கொதித்துக்கொண்டு வந்தது. ஆறு வருடம். எத்தனை மண்டபம், எத்தனை பிறந்தநாள், எதிரெதிரே உட்கார்ந்து வானிலை. அவள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள், நான் அவளைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

"இத ஆறு வருசத்துக்கு முன்னாலயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றேன்.

"நீங்க சொன்னியளாக்கா?" என்றாள்.

தூக்குப்போணியை அவள் கையிலிருந்து வாங்கினேன். "உள்ள வாங்க. ரெண்டு பேரும். கொழம்பு ஆறுது."